பதின்மூன்றா, முப்பதா?

நம் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதனுள் பழைய சுருக்கெழுத்துக் குறிப்பேடுகள் பதினொன்று கிடக்கின்றன. முப்பத்தோர் ஆண்டுக் காலச் செயலர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், அலுவலக மேசையிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துவந்தவை அவை மட்டுமே. சென்ற விடுமுறையில் பரணைத் துப்புரவு செய்த அண்ணன் மகள், அவற்றுள் ஒன்றைப் புரட்டிவிட்டு, "இதென்ன அத்தை, கோழி கிளறிய மண் போல இருக்கிறது!" என்று நகைத்தாள்.

அவளும் செயலர்தான். சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் உயர் அலுவலர் ஒருவருக்கு உதவியாளராய் இருக்கிறாள். சுருக்கெழுத்து அறியாள், அறிய வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை. ஆனால் அன்றிரவு உணவருந்திக்கொண்டிருக்கையில், மணி ஒன்பதரைக்கு அவளது கைப்பேசி அதிர்ந்தபோது, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு இடக்கையால் அதனை எடுத்த விரைவையும், திரையைப் பார்க்கும் முன்னரே அவள் முகம் வெளிறியதையும் கண்டபோது நமக்குத் துணுக்கென்றது. அந்த முகத்தை நாம் அறிவோம். அலுவலகக் கழிவறையின் சிறு கண்ணாடியில் ஆண்டுக்கணக்கில் நாம் பார்த்த முகம் அது.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். முந்திய வாரம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருடன் நடக்கவிருந்த கூட்டத்துக்கு நேரத்தைத் தவறாகக் குறித்து அனுப்பிவிட்டாளாம். அவருடைய நாட்டு நேரமா, நம் நாட்டு நேரமா என்னும் ஐயம் அவளுக்கு அப்போதே எழுந்திருக்கிறது. "கேட்டிருக்கலாமே?" என்றோம்.

"கேட்டால், 'இதுகூடத் தெரியாதா?' என்பார், அத்தை."

அந்த விடை நம்மை 1989-ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னோம். சொன்னதை இங்கே எழுதியும் வைக்கிறோம்.

செயலர் பணி எத்தகையது என்று அறியாதவர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. எழுபதுகளில் தமிழகத்துச் சிறு நகரங்களில் பள்ளியிறுதி வகுப்பை முடித்த பெண்பிள்ளைகள் பலர் அடுத்துச் சென்று சேர்ந்த இடம் தட்டச்சுப் பயிலகம். நாம் பயின்ற இடம் ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு நீண்ட கூடம். வரிசையாய்ப் பன்னிரண்டு ரெமிங்டன் பொறிகள். காலை ஆறு மணிக்கே முதல் வகுப்பு தொடங்கிவிடும். பன்னிரண்டு பொறிகளும் ஒருங்கே ஒலிக்கும்போது, ஓட்டின்மேல் ஆலங்கட்டி மழை பெய்வது போலிருக்கும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் 'லோயர்' எனப்பட்ட இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள். 'ஹையர்' எனப்பட்ட முதுநிலைக்கு 45. சுருக்கெழுத்தின் முதுநிலைக்கோ நிமிடத்துக்கு 120 சொற்கள். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. அந்த மூன்று சான்றிதழ்களும் கையில் இருந்தால், நகையின்றியே பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கும் என்று எம் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. நம்மைப் பொறுத்தமட்டில் அது பொய்த்தது. அது வேறு கதை.

சுருக்கெழுத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஐசக் பிட்மன் 1837-இல் இங்கிலாந்தில் வெளியிட்ட அம்முறையில் நாம் எழுதுவது சொல்லின் எழுத்துகளை அல்ல, அதன் ஒலியை. 'எஃப்' ஒலிக்கு மெல்லியதொரு வளைவு. 'வி' ஒலிக்கும் அதே வளைவுதான். பென்சிலைச் சற்று அழுத்தி எழுத வேண்டும், அவ்வளவே. ஆங்கிலத்தில் விசிறிக்குரிய 'ஃபேன்' என்ற சொல்லும் வண்டிக்குரிய 'வேன்' என்ற சொல்லும் தாளின்மேல் ஒரே உருவம். கை எவ்வளவு அழுந்தியது என்பதே வேறுபாடு. விரைவில் எழுதும்போது உயிரொலிகளைக் குறிக்கும் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் விட்டுவிடுவோம். எழுதிய உருவம் கோட்டின்மேல் நிற்கிறதா, அதற்குச் சற்று உயரே நிற்கிறதா, கோட்டை ஊடுருவி நிற்கிறதா என்பதைக் கொண்டே பின்னர் அவ்வுயிரொலியை உய்த்துணர்வோம். மயிரிழைக் கலை இது. அச்சமுற்ற கை அழுத்தித்தான் எழுதும். எல்லாக் கோடுகளும் தடித்துப் போகும். தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து குறிப்பேட்டைத் திறந்தால், விசிறியெல்லாம் வண்டியாகி நிற்கும். "பென்சிலைப் பிடி, கொல்லாதே" என்பார் எம் பயிலகத்து ஆசிரியர். பத்தாண்டுகள் கழித்தே அதன் பொருள் நமக்கு விளங்கிற்று.

காவிரிக்கரை ஊர் ஒன்றில் இயங்கிய ஒரு தனியார் தொழிற்சாலையில் நமக்கு வேலை கிடைத்தது. முதல் மேலாளரிடம் ஏழாண்டுகள் பணியாற்றினோம். வேலைப்பளு அப்போது சொல்லி மாளாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கணக்கு முடிக்கும் நாள்களில் இரவு எட்டு மணிக்குமுன் வீடு திரும்பியதில்லை. ஒரே நாளில் நாற்பது கடிதங்கள் அடித்த நாள்களும் உண்டு. முதுகு வலிக்கும், கண் எரியும், ஆனால் இரவில் படுத்தால் உறக்கம் வரும். அந்த மனிதரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடிதம் சொல்லி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, "எங்கேனும் ஐயம் உண்டா?" என்று வினவுவார். வினவிவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருத்தல்தான் பெரிது. பலரும் கேட்பார்கள், கேட்கும்போதே அடுத்த கோப்பில் கை வைத்துவிடுவார்கள்.

அவர் ஓய்வு பெற்றபின் 1987-இல் புதியவர் வந்தார். அவரைக் கொடியவர் என்று எழுத நமக்கு மனம் வரவில்லை. நிறுவனத்தின் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுசெல்லாத நேர்மையாளர். ஆனால் அவரது மேசையில் ஓர் அழைப்பு மணி இருந்தது. மூன்று முறை விட்டுவிட்டு அடிப்பார். மூன்றாவது மணி ஓயுமுன் நாம் உள்ளே நின்றாக வேண்டும். அறைக்குள் உலாவியபடியே கடிதம் சொல்லுவார். சன்னல் பக்கம் திரும்பி நிற்கும்போது பாதிச் சொற்கள் வெளியே போய்விடும். இடையே தொலைபேசி ஒலிக்கும், பேசி முடித்து, "எங்கே விட்டோம்?" என்பார், நாம் படித்துக் காட்டுமுன் வேறொரு கடிதத்தைத் தொடங்கிவிடுவார்.

அவர் வந்த மறு ஆண்டு, ஒரு நாள், வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் மூவர் அமர்ந்திருக்கையில், சரக்கு அனுப்பும் நாள் ஒன்று தெளிவாகக் கேட்காமையால், "சார், எந்தத் தேதி?" என்று கேட்டோம். "காதுக்கு நல்ல மருத்துவராகப் பாருங்கள்" என்றார் அவர். விருந்தினர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். அன்றிரவு நம் உறக்கத்தைக் கெடுத்தது அவருடைய சொல்லைவிட நம்முடைய அந்தச் சிரிப்புத்தான்.

அன்றிலிருந்து நாம் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

கேட்காத செயலர் என்ன செய்வார்? ஊகிப்பார். ஊகிப்பதில் நாம் மெத்தத் தேர்ந்துவிட்டோம். முன்கடிதத்தைப் பார்ப்பது, பழைய கோப்பைத் தோண்டுவது, கணக்குப் பிரிவில் ஒருவரிடம் வேறு ஏதோ பேசுவது போலப் பேசித் தேதியைக் கறப்பது என்று வழிகள் பல. பத்தில் ஒன்பது சரியாகவே அமைந்தன. ஆனால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு அரைநாள் ஆயிற்று. முன்னவர் காலத்தில் நாற்பது கடிதங்கள் அடித்த அதே விரல்கள் இப்போது பதினைந்துக்கே தடுமாறின. முன்பு வாரத்துக்கு ஒருமுறை அழித்தழிப்பான் தேவைப்பட்டது. இப்போது நாளுக்கு நான்கு தாள்கள் வீணாயின. வீணான தாள்களைக் குப்பைக் கூடையில் போடவும் அச்சம். எவரேனும் எண்ணிப் பார்ப்பரோ என்று. அவற்றை மடித்து மதிய உணவுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் இட்டோம். வெந்நீர் காய்ச்ச விறகு மிச்சம் என்று அம்மா மகிழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அடிவயிற்றில் ஒரு கலக்கம் தொடங்கும். திங்கட்கிழமை காலையில் அந்த மணியோசை கேட்ட பின்னரே அது அடங்கும்.

இதெல்லாம் நம் ஒருவருடைய மனக்கோழை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஓய்வுக்குப் பின் கிடைத்த நேரத்தில் சிலவற்றைப் படித்த பிறகே, இதனை ஆய்ந்து எழுதியவர்கள் உண்டென்று அறிந்தோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் மக்களின் இதயநலத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்விலிருந்து சுசேன் ஹேய்ன்ஸ், மானிங் ஃபைன்லீப் ஆகிய இருவரும் 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேலைக்குச் செல்லும் பெண்கள் எல்லாருக்கும் இதயநோய் மிகுதி என்று அவர்கள் காணவில்லை. எழுத்தர், செயலர் போன்ற அலுவலகப் பணிகளில் இருந்த பெண்களுக்கே, எட்டாண்டுக் காலத்தில், இல்லத்தரசியரைவிட ஏறத்தாழ இருமடங்கு அந்நோய் கண்டது. அப்பெண்களுள்ளும் எவருக்கு மிகுதி என்று மேலும் துருவிப் பார்த்தபோது தென்பட்டவற்றுள் இரண்டு: உள்ளே அடக்கி வைத்த சினம், ஆதரவு தராத மேலாளர். இதனைப் படித்த அன்று நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

இலண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வொயிட்ஹால் ஆய்வும் இதையொத்த உண்மையைச் சொல்லுகிறது. பெரும் பொறுப்பைச் சுமக்கும் மேல்நிலை அலுவலர்களே நெஞ்சடைத்து மாள்வர் என்பது பொதுக்கருத்து. அங்கோ, கடைநிலையில் இருந்தோரின் இறப்பு வீதம் உச்சியில் இருந்தோரைவிட மும்மடங்காய் இருந்தது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தம் வேலையில் தாமே முடிவெடுக்கும் உரிமை குன்றியவர்களுக்கு இதயநோய் மிகுதி என்று காட்டிற்று. இன்னொன்று எலிகளைப் பற்றியது. எம்மினத்தாரை எலிகளோடு ஒப்பிடுவதைத் தோழியர் பொறுத்தருள்க. யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் 1908-இல் எலிகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்துப் பாடம் கற்பித்தார்கள். எளிய பாடமாயின், அதிர்ச்சி வலுக்க வலுக்க எலி விரைந்து கற்றது. இரண்டு பெட்டிகளின் வெளிச்சத்துக்கிடையே சிறு வேறுபாட்டைக் கண்டறியும் கடினமான பாடத்திலோ, அதிர்ச்சி ஓரளவைக் கடந்ததும் கற்றல் குலைந்தது. விசிறிக்கும் வண்டிக்கும் உள்ள மயிரிழை வேறுபாட்டை நாம் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மூட்டை தூக்குபவரை அதட்டினால் ஒருவேளை இன்னும் ஒரு மூட்டை தூக்கக்கூடும் (அவரையும் அதட்டலாகாது என்பது வேறு). செவியாலும் நுனிவிரலாலும் வேலை செய்பவரை அதட்டினால் கெடுவது அந்த வேலையேதான்.

இந்த ஏட்டைப் படிப்போருள் அலுவலகத் தலைவர்களும் பள்ளித் தாளாளர்களும் மருத்துவமனை நிர்வாகிகளும் இருப்பீர்கள். உங்கள் மேசையிலும் ஒரு மணி இருக்கும். உங்கள் செயலர் உங்களிடம் கடைசியாக எப்போது ஒரு ஐயம் கேட்டார் என்று நினைவுகூர்ந்து பாருங்கள். நினைவுக்கு வரவில்லையெனில், அவர் எல்லாம் அறிந்தவர் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பணியிடத்தில் பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் தொல்லைக்கு எதிராக 1997-இல் உச்சநீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகள் வகுத்தது. 2013-இல் தனிச்சட்டமும் வந்தது. எத்துணையோ செயலர்களின் கண்ணீருக்குக் கிடைத்த விடை அது. ஆனால் நாம் பேசுவது, சட்டத்தின் கைக்கு எட்டாத ஒன்றை. எவரும் எவரையும் தீண்டவில்லை. தீய சொல் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் ஓர் அறையில் கேள்வி கேட்பது நின்றுபோகிறது.

இனி 1989-க்கு வருவோம். தொழிற்சாலையின் சரக்கறையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் சில காணாமற் போயின. அன்றிரவு காவலில் இருந்தவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து உள்விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய மனிதர். மூன்று பெண்களுக்குத் தந்தை. விசாரணைக்கு வரச்சொல்லும் கடிதத்தை மேலாளர் அக்டோபர் இறுதியில் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தேதிக்கு வரும் வேளையில் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, நவம்பர் மாதத்து நாளொன்றை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

'தர்ட்டீன்த்' என்றாரா, 'தர்ட்டியத்' என்றாரா?

கதவருகே ஒரு கணம் நின்றோம். அவர் ஏற்கெனவே முதுகைக் காட்டிப் பேசத் தொடங்கிவிட்டார். இருக்கைக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தோம். 13 திங்கட்கிழமை, 30 வியாழக்கிழமை. இரண்டும் வேலைநாளே. இத்தகைய கடிதங்களில் ஒரு மாத அவகாசம் தருவது வழக்கம் என்று நினைவு வந்தது. 30 என்று அடித்தோம். மேலாளர் படிக்காமலே கையெழுத்திட்டார். பதிவஞ்சலில் கடிதம் போயிற்று.

அவர் சொன்னது 13. விசாரணை அலுவலராய் அமர்த்தப்பட்ட வழக்கறிஞரிடமும் தொலைபேசியில் அதையே சொல்லியிருக்கிறார். நாம் மூன்று நாள் விடுப்பில் இருந்த வேளையில் 13-ஆம் நாள் வந்து போயிற்று. காவலாளி வரவில்லை. விசாரணையை ஒருதலையாய் நடத்தி முடித்துவிட்டார்கள். 28-ஆம் நாள் காலையில் மணி மூன்று முறை அடித்தது. பணியிலிருந்து நீக்கும் ஆணையை மேலாளர் சொல்லச் சொல்ல எழுதினோம். '13-ஆம் நாளன்று விசாரணைக்கு வாராமையால்' என்னும் தொடர் வந்தபோது நம் பென்சில் முனை ஒடிந்தது. இது கதைக்காகச் சொல்வதன்று. ஒடிந்த இடத்தில் தாளில் விழுந்த துளை இன்றும் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது.

கோப்பைத் திறந்து கார்பன் நகலைப் பார்த்தோம். 30.

அடுத்து நாம் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பழைய தேதியிட்டு அதே கடிதத்தை மீண்டும் அடித்தோம். 30 இருந்த இடத்தில் 13. அதன் கார்பன் நகலை, அன்று மாலை கையெழுத்துக்கு வைத்த தாள்களின் நடுவே செருகினோம். மேலாளர் வழக்கம்போல் பார்க்காமலே சுருக்கொப்பமிட்டார். பழைய நகலை எடுத்து உணவுப் பையில் வைத்துக்கொண்டோம். இப்போது கோப்பு மாசற்று இருந்தது. தவறு செய்தவர் காவலாளி.

சுருக்கெழுத்தாளர்களுக்கு ஒரு பாதுகாவலர் உண்டு: தாஞ்சியர் நகர்ப் புனித கசியான். நீதிமன்றத்தில் குறிப்பெழுதும் பணியாளர் அவர். படைத்தொழிலைத் துறந்த மர்செல்லு என்னும் நூற்றுவர் தலைவருக்கு 298-ஆம் ஆண்டில் மரண தண்டனை கூறப்பட்டபோது, அந்தத் தீர்ப்பை எழுத மறுத்து எழுத்தாணியைத் தரையில் வீசினார், அதனால் தாமும் கொல்லப்பட்டார் என்று மரபு சொல்லுகிறது. அவருக்கேனும் நீதிபதியின் கட்டளை ஒன்று எதிரே இருந்தது. மறுப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. நமக்கு எவரும் கட்டளையிடவில்லை. மேலாளர் நம்மிடம் அப்படியொரு செயலை ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார். பத்தாண்டுகளுக்கு மேலாய் ஒரு எழுத்துப் பிழைக்கும் நாணிய கைகள், இரண்டாண்டு அச்சத்தில், தாமாகவே பொய்யாவணம் அடிக்கக் கற்றுக்கொண்டன. வேலைத்திறன் கெடுகிறது என்று சொல்லுவார்கள். எழுத்துப் பிழைகள் அதன் தொடக்கம் மட்டுமே.

அந்த நகல் இரண்டு இரவுகள் நம் வீட்டில் இருந்தது. அடுப்பில் இட்டிருக்கலாம், வழக்கமாய் இடும் அடுப்புத்தானே! ஏனோ இடவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்தோம்.

30-ஆம் நாள் காலை ஒன்பது மணிக்கு அந்த மனிதர் வந்தார். பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, உடன் அவருடைய மூத்த பெண். பணிநீக்க ஆணை அஞ்சலுக்குப் போகாமல் உறைக்குள் நம் மேசைமீதே கிடந்தது. "அம்மா, விசாரணை எத்தனை மணிக்கு?" என்று வினவி, பாலித்தீன் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார். நம் பொறியில் 'இ' எழுத்தின் வால் சற்று உடைந்திருக்கும். அந்தக் கடிதத்தில் அத்தனை 'இ'யும் வாலறுந்து நின்றன.

அமரச் சொல்லிவிட்டு, மணி அடிக்காமலே அந்த அறைக்குள் நுழைந்தோம். வாழ்நாளில் முதல்முறை. பையிலிருந்து பழைய நகலை எடுத்து மேசைமீது வைத்து, எல்லாவற்றையும் சொன்னோம். குரல் எப்படி வந்ததோ தெரியாது. மேலாளர் கத்தவில்லை. இரு நகல்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஐயமாக இருந்தால் அன்றே கேட்டிருக்கலாமே?"

"சென்ற ஆண்டு ஒருமுறை கேட்டேன், சார். காதுக்கு மருத்துவரைப் பார்க்கச் சொன்னீர்கள்."

"நானா? அப்படியா சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. நம் இரண்டாண்டு உறக்கத்தைத் தின்ற சொல், சொன்னவருக்கு நினைவிலேயே இல்லை. அப்போது தொலைபேசி ஒலித்தது. தலைமை அலுவலகம். "யெஸ் சார், யெஸ் சார், இன்றைக்கே சார்" என்று பேசினார். அந்தக் குரலை நாம் அதற்குமுன் கூர்ந்து கேட்டதில்லை. அவரது இடக்கை தொலைபேசிக் கம்பியைத் திருகித் திருகி விரலில் இறுகச் சுற்றிக்கொண்டிருந்தது. விரல்நுனி வெளுத்திருந்தது.

ஆணை கிழிக்கப்பட்டது. விசாரணை புதிதாய் நடந்தது. காவலில் அசட்டையாய் இருந்ததாக எழுத்துமூலம் எச்சரித்து அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டார்கள். கம்பி எங்கே போயிற்று என்பது கடைசிவரை தெரியவில்லை. நமக்கு விளக்கம் கோரும் குறிப்பாணை வழங்கப்பட்டது. அதனையும் மேலாளர் சொல்ல, நாமே சுருக்கெழுத்தில் எடுத்து, நாமே தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, நாமே பெற்றுக்கொண்டோம். ஒரு பிழையும் இன்றி அமைந்தது அது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அது நியாயம் என்றே அன்றும் எண்ணினோம், இன்றும் எண்ணுகிறோம்.

மேலாளர் மாறினாரா என்றால், சிறிது. மணியை மூன்று முறை அடிப்பதை அவர் விடவில்லை. முன்கோபமும் இடையிடையே வந்து போயிற்று. ஆனால் தேதி சொல்லும்போது மட்டும் உலாவுவதை நிறுத்தி, நம் பக்கம் திரும்பி நின்று, "ஒன் த்ரீ, பதின்மூன்று" என்று ஆங்கிலத்திலும் தமிழிலுமாகச் சொல்லுவார். அது எங்களிடையே ஒரு சடங்கு போலாயிற்று. மூன்று நான்கு மாதங்களில் நாம் மற்றவற்றையும் கேட்கத் தொடங்கினோம். உணவுப் பையில் தாள் சுமப்பது நின்றது. வெந்நீருக்குத் தாள் வருவதில்லையே என்று அம்மா கேட்டார்கள்.

காவலாளி மட்டும்தான் எஞ்சினார். வாயிலைக் கடக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, "நீங்கள் உள்ளே போய்ச் சொன்னதால்தான் என் வேலை பிழைத்தது, அம்மா" என்பார். ஆண்டுதோறும் பொங்கலுக்குத் தம் ஊரிலிருந்து ஒரு பை நிலக்கடலை கொண்டுவந்து கொடுப்பார். அந்தத் தேதியைத் தவறாய் அடித்ததும், கோப்பைத் திருத்தியதும் நாமே என்று அவரிடம் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை. கடலையை வாங்கிக்கொண்டோம். ஒன்பது பொங்கல்கள்.

இவ்வளவையும் கேட்ட அண்ணன் மகள், குறிப்பேட்டைப் புரட்டி அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்தாள். "அவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லையா, அத்தை?" என்றாள்.

"இல்லை. அவர் 2004-இல் இறந்துவிட்டார்."

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். மறுநாள் இன்னொரு கூட்டமாம். காலை பத்து மணி என்று மட்டும் இருந்தது. எந்த நாட்டுப் பத்து மணி என்று இல்லை. எழுதினாள், அழித்தாள், மறுபடியும் எழுதினாள். மூன்றாவது முறை எழுதியதை நம்மிடம் காட்டினாள். அடக்கமான, நேரான ஒரே ஒரு கேள்வி. அனுப்பிவிட்டுக் கைப்பேசியைத் தட்டருகே கவிழ்த்து வைத்தாள்.

விடை வரப் பதினொரு நிமிடங்கள் ஆயின. அதுவரை இருவரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தோம்.